அம்பலப்புழைச் சதுரங்கப் பலகையின் எண்: 18446744073709551615-ஐக் கரும்பலகையிலேயே முழுவதும் பகுக்க முடியுமா?

கேள்வி: வேலந்தாவளம் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு பள்ளியில், தமிழ்வழியில் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கணித மன்றத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களுக்கு அம்பலப்புழைக் கண்ணன் கோயில் பால்பாயசத்தின் கதையைச் சொன்னேன். சதுரங்கத்தில் ஒரு முதியவரிடம் தோற்ற அரசன், முதல் கட்டத்துக்கு ஓர் அரிசிமணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் இரட்டித்துக் கொடுக்கக் கடமைப்பட்டான் என்பதும், அந்தக் கடனை ஒரே தடவையில் தீர்க்க வழியில்லாமல் கண்ணன் சந்நிதியில் நாள்தோறும் பாயசம் படைக்க ஒப்புக்கொண்டான் என்பதும் இந்தப் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதைதான். எத்தனை மணி என்று மட்டும் யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

நான் பள்ளிக் கணினியில் விரிதாளைத் திறந்து 2⁶⁴ − 1 என்று கொடுத்தேன். 18446744073709600000 என்று விடை வந்தது. அதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், முதல் கட்டத்தில் ஒரு மணிதான் இருக்கிறது, மற்ற எல்லாக் கட்டங்களிலும் இரட்டை எண், அப்படியென்றால் மொத்தம் ஒற்றை எண்ணாகத்தானே வர வேண்டும், இது எப்படிச் சைபரில் முடிகிறது?" என்று கேட்டாள். அவள் சொன்னதுதான் சரி. அன்றைக்கு மீதி நேரம் முழுவதும் கையால் இரட்டித்து, 18446744073709551615 என்ற இருபது இலக்க எண்ணை அடைந்தோம். நம் வழக்கப்படி கால்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615.

அதன்பின் பிள்ளைகள் அதைப் பகாக் காரணிகளாக உடைக்கத் தொடங்கினார்கள். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87, ஆகவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. கடைசி இலக்கம் 5. இரண்டையும் நீக்கினால் 1229782938247303441. அது 7, 11, 13 ஆகியவற்றுக்கு மசியவில்லை, 17-க்கு மசிந்தது. 72340172838076673 கிடைத்தது. அங்கேயே நின்றுவிட்டோம். 19 முதல் 211 வரை உள்ள நாற்பது பகா எண்களையும் ஆறு பேரும் பங்கு போட்டுக்கொண்டு வகுத்துப் பார்த்தும் ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை.

என் கேள்விகள் மூன்று. இருபது இலக்கங்களும் சரிதானா என்று அறுபத்து நான்கு தடவை இரட்டிக்காமல் சரிபார்க்க வழி உண்டா? மீதிக் காரணிகளைக் கணினியின் துணையில்லாமல் ஒன்பதாம் வகுப்புக் கணக்கைக் கொண்டே கண்டுபிடிக்க முடியுமா? விரிதாள் ஏன் அப்படித் தவறான விடையைக் காட்டியது? காரணிகளின் பட்டியலை மட்டும் தர வேண்டாம். ஏன் வகுபடுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய விளக்கம்தான் எனக்கு வேண்டும்.


பதில்: கொல்லங்கோட்டுப் பழைய மாஷ்

டீச்சருக்கு வணக்கம். அந்த மாணவியிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள். இயந்திரம் காட்டிய விடையைக் கூட்டிப் பார்க்காமலே, ஒற்றையா இரட்டையா என்ற ஒரே கேள்வியால் அவள் மறுத்திருக்கிறாள். முப்பது ஆண்டுகள் வகுப்பில் நின்றவன் நான். பிள்ளைகளிடம் நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி இப்படிப்பட்டதுதான்.

இருபது இலக்கங்களைச் சரிபார்க்க நான்கே நான்கு தடவை வர்க்கப்படுத்தினால் போதும். 16-இன் வர்க்கம் 256. அதன் வர்க்கம் 65536. அதன் வர்க்கம் 4294967296. அதை இன்னொரு தடவை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ வந்துவிடும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல் பிரூனி என்ற அறிஞர் இதே சதுரங்கக் கணக்கை இதே வழியில், 16-லிருந்து தொடங்கித் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தி, எழுதி வைத்திருக்கிறார்.

கடைசி வர்க்கத்தைக் கரும்பலகையில் போடுவதற்கு 4294967296-ஐ 42949 என்றும் 67296 என்றும் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். 42949-இன் வர்க்கம் 1844616601. 67296-இன் வர்க்கம் 4528751616. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 5780591808. முதலாவதற்குப் பின்னால் பத்துச் சைபர், இரட்டித்ததற்குப் பின்னால் ஐந்து சைபர் சேர்த்து மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுங்கள்:

18446166010000000000
578059180800000
4528751616

மொத்தம் 18446744073709551616. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் உங்கள் பிள்ளைகள் எழுதிய எண். (a + b)² என்ற முற்றொருமையை வெறும் எழுத்துகளாகப் படித்த பிள்ளைகளுக்கு, அது வேலை செய்வதைக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இனிக் காரணிகள். நீங்கள் இருபது இலக்க எண்ணை ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டு போனீர்கள். அந்த எண் எப்படிப் பிறந்தது என்பதை மறந்துவிட்டதால் வந்த சிரமம் அது. அது ஒரு வர்க்கத்துக்கு ஒன்று குறைவான எண். ஆகவே வர்க்கங்களின் வித்தியாசத்துக்கான முற்றொருமைப்படி,

2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1)

இரண்டாவது அடைப்புக்குள் இருப்பதும் அதே சாயல் கொண்டதுதான். அதையும் உடைக்கலாம், அதில் கிடைப்பதையும் உடைக்கலாம். வெங்காயத்தை உரிப்பதுபோல் ஒவ்வொரு தடவையும் ஒரு கூட்டல் அடைப்பு வெளியே வரும், உள்ளே சிறிய கழித்தல் அடைப்பு மிஞ்சும். கடைசி வரை போனால்,

2⁶⁴ − 1 = (2³² + 1)(2¹⁶ + 1)(2⁸ + 1)(2⁴ + 1)(2² + 1)(2 + 1)

அதாவது 4294967297 × 65537 × 257 × 17 × 5 × 3. பிள்ளைகள் 211 வரை வந்து நிறுத்தினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் எட்டுப் பகா எண்கள் போயிருந்தால் 257-ஐத் தொட்டிருப்பார்கள். அவர்களுடைய 72340172838076673-ஐ 257-ஆல் வகுத்தால் 281479271743489. அதை 65537-ஆல் வகுத்தால் 4294967297.

7, 11, 13 ஏன் வகுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் கேட்பார்கள். 2, 4, 8, 16, 32 என்று அடுக்குகளை எழுதி ஒவ்வொன்றையும் 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் பாருங்கள்: 2, 4, 1, 2, 4, 1 என்று மூன்றுக்கு ஒரு தடவை சுற்றிவரும். 64-ஆவது இடத்தில் மீதி 1 வந்தால்தான் 2⁶⁴ − 1 வகுபடும். 64, 3-இன் மடங்கு இல்லை, ஆகவே அங்கே 1 வராது. 11-க்குச் சுற்றின் நீளம் 10, 13-க்கு 12. ஒன்றும் 64-ஐ வகுக்காது. எந்தப் பகா எண்ணின் சுற்று 2, 4, 8, 16, 32, 64 ஆகியவற்றில் ஒன்றாக இருக்கிறதோ அது மட்டுமே இந்த எண்ணை வகுக்கும். 3-க்குச் சுற்று 2, 5-க்கு 4, 17-க்கு 8, 257-க்கு 16, 65537-க்கு 32.

மிச்சம் இருப்பது 4294967297. அது பகா எண்ணா, பகு எண்ணா என்பதில்தான் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதை என்னைவிடத் தெளிவாக எழுதக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.


பதில்: கஞ்சிக்கோட்டு நிரலர்

மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். விரிதாள் எண்களை ஒரு குறிப்பிட்ட அகலமுள்ள பெட்டியில்தான் வைத்துக்கொள்கிறது. அந்தப் பெட்டியில் எண்ணின் முதன்மையான பகுதிக்கு 53 இரும இலக்கங்கள் மட்டுமே இடம் உண்டு. திரையில் காட்டும்போது அதுவும் குறைந்து, பதினைந்து தசம இலக்கங்கள் வரை எழுதிவிட்டு மீதி இடங்களைச் சைபரால் நிரப்புகிறது. 2⁶⁴ ஒரே ஓர் ஒன்றும் அதன்பின் சைபர்களும் கொண்ட இரும எண் என்பதால் அந்தப் பெட்டிக்குள் பிசகாமல் அடங்கும். காட்டும்போதுதான் 184467440737095 என்ற முதல் பதினைந்து இலக்கங்களுக்கு அடுத்து வருவது 5 என்பதால் மேல்நோக்கி முழுமையாக்கி 096 என்று முடித்து, பின்னால் ஐந்து சைபர்களைப் போடுகிறது.

2⁶⁴ − 1-இன் நிலை வேறு. அது அறுபத்து நான்கு ஒன்றுகள் வரிசையாக நிற்கும் இரும எண். அத்தனை ஒன்றுகளையும் 53 இடங்களில் வைக்க முடியாது. ஆகவே நீங்கள் கழித்த அந்த ஒன்று காணாமல் போய், பெட்டியில் மறுபடியும் 2⁶⁴-ஏ வந்து அமர்ந்துகொள்கிறது. மாணவி கண்டுபிடித்தது இந்த இழப்பைத்தான்.

முழு எண்களை எத்தனை இலக்கமானாலும் குறைக்காமல் வைத்துக்கொள்ளும் மொழிகள் உண்டு. பைத்தானில் 2**64 − 1 என்று கேட்டால் இருபது இலக்கங்களும் அப்படியே கிடைக்கும். எங்கள் தொழிலில் இந்த எண்ணுக்குத் தனி இடம் உண்டு. 64 பிட் (இரும இலக்கம்) அகலமுள்ள, குறியில்லாத முழு எண்ணில் எழுதக்கூடிய மிகப் பெரிய மதிப்பு இதுதான். இதனோடு ஒன்றைக் கூட்டினால் அந்தப் பெட்டி சைபருக்குத் திரும்பிவிடும். சதுரங்கப் பலகையின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு பிட்டாக நினைத்துக்கொண்டால் கதையும் கணினியும் ஒன்றாகிவிடும்.


பதில்: நென்மாறை முதுகலை மாணவன்

மாஷ் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

2-இன் அடுக்கு மறுபடியும் 2-இன் அடுக்காகவே இருந்து, அதனோடு ஒன்று கூட்டி வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். ஃபெர்மா 1640-இல் எழுதிய கடிதங்களில், இந்த வரிசையில் வரும் எல்லா எண்களுமே பகா எண்களாக இருக்கும் என்று தாம் நம்புவதாகச் சொன்னார், ஆனால் நிறுவவில்லை. அடுத்த எண் 4294967297. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அந்த நம்பிக்கை அப்படியே நின்றது. 1732-இல் ஆய்லர் அந்த எண் 641-ஆல் வகுபடும் என்று காட்டினார்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விளக்கம் இது. 641 என்ற எண்ணை இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 640 + 1 = 5 × 2⁷ + 1
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

இரண்டாவது வரியிலிருந்து 16 = 641 − 5⁴. இப்போது 2³² என்பதை 16 × 2²⁸ என்று எழுதி, 16-க்குப் பதிலாக 641 − 5⁴ என்று வைத்துவிடுங்கள்.

2³² = 641 × 2²⁸ − 5⁴ × 2²⁸

5⁴ × 2²⁸ என்பது (5 × 2⁷)⁴, அதாவது 640⁴. ஆகவே,

2³² + 1 = 641 × 2²⁸ − (640⁴ − 1)

640⁴ − 1 என்பதில் மறுபடியும் வர்க்கங்களின் வித்தியாசம்தான்: (640 + 1)(640 − 1)(640² + 1). முதல் அடைப்பு 641. வலப்பக்கத்தின் இரண்டு உறுப்புகளிலும் 641 இருப்பதால் இடப்பக்கத்தையும் 641 வகுத்தே தீர வேண்டும். நெடும் வகுத்தல் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த வழியில் இன்னொரு பயனும் இருக்கிறது, பெரும்பாலும் யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. 641-ஐ வெளியே எடுத்துவிட்டால் மிஞ்சுவது 2²⁸ − 639 × 409601. 2²⁸ என்பது 268435456. 639 × 409601 என்பது 261735039. கழித்தால் 6700417. ஈவு தானாகவே வந்துவிட்டது. நம்பிக்கை வராத பிள்ளை பெருக்கியே பார்க்கட்டும்: 6700417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4020250200, 40-ஆல் பெருக்கினால் 268016680, 1-ஆல் 6700417. மூன்றையும் கூட்டினால் 4294967297.

641-ஐ ஆய்லர் எங்கிருந்து பிடித்தார் என்ற கேள்வி வகுப்பில் கட்டாயம் எழும். மாஷ் சொன்ன சுற்றுதான் அதற்கும் விடை. p என்ற பகா எண் 2³² + 1-ஐ வகுத்தால், 32-ஆவது அடுக்கில் மீதி p − 1 ஆகவும் 64-ஆவது அடுக்கில் மீதி 1 ஆகவும் இருக்கும். சுற்றின் நீளம் 64-ஐ வகுக்க வேண்டும், 32-ஐ வகுக்கக் கூடாது, எனவே அது 64-ஏதான். ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின்படி (p − 1)-ஆவது அடுக்கில் மீதி 1 வந்தாக வேண்டும், ஆகவே p − 1 என்பது 64-இன் மடங்கு. அப்படியென்றால் ஆயிரக்கணக்கான பகா எண்களைச் சோதிக்க வேண்டியதில்லை. 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டி வரும் பகா எண்களை மட்டும் வரிசையாக எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது எண்ணிலேயே விடை.

1878-இல் லூகாஸ் இதை இன்னும் இறுக்கினார். 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 தரும் எந்தப் பகா எண்ணுக்கும், ஏதோ ஒரு வர்க்க எண்ணை அதனால் வகுத்தால் மீதி 2 வரும் என்பது அறியப்பட்ட உண்மை. அந்த வர்க்கத்தின் மூலத்தை எடுத்துக்கொண்டு சுற்றைப் பார்த்தால் நீளம் 128 ஆகிவிடும். ஆகவே காரணி 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும். 641 = 5 × 128 + 1. 6700417 = 52347 × 128 + 1.

இதை வைத்து 6700417 பகா எண் என்பதையும் அரை மணி நேரத்தில் கையாலேயே நிறுவலாம். அதன் வர்க்கமூலம் 2588-க்கும் 2589-க்கும் இடையில் இருக்கிறது. அதற்குக் கீழே 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டி வரும் எண்கள் இருபது, அவற்றில் பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. இந்த ஐந்தாலும் வகுத்துப் பாருங்கள். மீதிகளை நான் இங்கே எழுதவில்லை, பிள்ளைகள் எழுதட்டும்.


மறுமொழி: வேலந்தாவளம் டீச்சர்

மூன்று பேருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றும் இன்றும் மன்ற நேரத்தை இதற்காகவே வைத்துக்கொண்டேன்.

மாஷ் சொன்ன உரித்தலைப் போட்டபோது, நாற்பது பகா எண்களைப் பங்குபோட்டு வகுத்து நோட்டுகளை நிரப்பியவர்கள் ஒரு நிமிடம் பேசாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவன் எழுந்து, தான் எழுதிய மீதிகளையெல்லாம் மறுபடி பார்த்து, 31-க்குச் சுற்று 5, 127-க்குச் சுற்று 7 என்று ஒவ்வொன்றாகக் காரணம் எழுதத் தொடங்கினான். அவர்கள் செய்த வகுத்தல் வீணாகப் போகவில்லை என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

6700417-ஐ ஐந்து பேர் ஆளுக்கு ஓர் எண்ணாக எடுத்து வகுத்தார்கள், ஆறாவது ஆள் பெருக்கிச் சரிபார்த்தாள். 257-க்கு மீதி 170, 641-க்கு 44, 769-க்கு 120, 1153-க்கு 334, 1409-க்கு 622. 1153-ஐ எடுத்தவன் முதலில் 324 என்று எழுதினான், சரிபார்த்தவள் திருத்தினாள். ஆக முழுப் பகுப்பும் எங்கள் பலகையில் இப்போது இருக்கிறது:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே தடவை. ஆகவே வகுத்திகளின் எண்ணிக்கை 2⁷, அதாவது 128. சதுரங்கக் கட்டங்களைப் போல் இரண்டு மடங்கு என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

அரிசியையும் விடவில்லை. ஒரு மாணவியின் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவருடைய தராசில் பத்துக் கிராம் மட்ட அரிசியை நிறுத்து வாங்கி வந்து, செய்தித்தாளை விரித்துப் பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணினோம். ஏறத்தாழ ஐந்நூறு மணிகள். அப்படியானால் ஒரு கிலோவுக்கு ஐம்பதாயிரம், ஒரு டன்னுக்கு ஐந்து கோடி. பாதிப் பலகை, அதாவது முதல் 32 கட்டங்கள் முடிகிறபோது அரசன் கொடுக்க வேண்டியது சுமார் 86 டன். வேலந்தாவளம் சோதனைச்சாவடியில் நிற்கும் லாரிகளில் எட்டு ஒன்பதில் ஏற்றிவிடலாம். முழுப் பலகைக்கு 36,900 கோடி டன். உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னைச் சற்றுத் தாண்டும் என்பதால், எழுநூறு ஆண்டு விளைச்சலை அப்படியே கொடுத்தால்தான் கடன் தீரும். பாதிப் பலகைக்கும் முழுப் பலகைக்கும் உள்ள இந்த இடைவெளிதான் பிள்ளைகளை மிகவும் பாதித்தது.

இரண்டு கேள்விகள் மிச்சம். முதலில் விடை ஏன் சைபரில் முடிகிறது என்று கேட்ட அதே மாணவி, 3 × 5 = 15, அது 17-க்கு இரண்டு குறைவு; 3 × 5 × 17 = 255, அது 257-க்கு இரண்டு குறைவு; இது எப்போதும் இப்படித்தான் வருமா என்று கேட்கிறாள். அப்படி வருமென்றால் எங்கள் எண் 2⁶⁴ + 1-க்கு இரண்டு குறைவு. அந்த 2⁶⁴ + 1 பகா எண்ணா?


பதில்: கொல்லங்கோட்டுப் பழைய மாஷ்

எப்போதும் வரும். நீங்கள் உரித்த வெங்காயத்தைத் திருப்பிக் கட்டினால் அதுதான். 3-லிருந்து தொடங்கி இந்த வரிசையை எந்த இடம் வரை பெருக்கினாலும், பெருக்கற்பலன் அடுத்த எண்ணைவிட இரண்டு குறைவாகவே இருக்கும். இதிலிருந்து அவளே இன்னொன்றையும் கண்டுபிடிக்கலாம். வரிசையில் உள்ள இரண்டு எண்களுக்குப் பொதுவான ஒரு பகாக் காரணி இருந்தால், அது அந்த வித்தியாசமான 2-ஐயும் வகுக்க வேண்டும். எண்கள் எல்லாமே ஒற்றை. ஆகவே பொதுக் காரணி இருக்க முடியாது. உங்கள் பலகையில் எந்தப் பகா எண்ணும் இரண்டு அடைப்புகளில் வராததற்குக் காரணம் அதுவே. 4294967297-க்கு 257-ஐச் சோதித்தது தேவையில்லை என்பதும் இதிலிருந்தே தெரியும்.

2⁶⁴ + 1, அதாவது 18446744073709551617, பகா எண் அன்று. 1880-இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர், தமது எண்பத்திரண்டாம் வயதில், அதை 274177 × 67280421310721 என்று உடைத்தார். நென்மாறைத் தம்பி சொன்ன விதியை ஒரு படி மேலே கொண்டுபோனால் இங்கே காரணிகள் 256-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவில் இருக்க வேண்டும். 274176-ஐ 256-ஆல் வகுத்தால் 1071. சரியாக இருக்கிறது. ஆனால் 641-க்குக் கிடைத்ததுபோல் நான்கு வரியில் முடியும் விளக்கத்தை இதற்கு நான் எங்கும் பார்த்ததில்லை. இதைக் கையால் தேடியவரின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது.

பாதிப் பலகையின் எண்ணையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 2³² − 1 = 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. அளவுகோலும் வட்டக் கருவியும் மட்டும் கொண்டு எத்தனை பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்ற கேள்விக்கு, கணிதமேதை காஸ் 1796-இல் பதினேழு பக்கத்தை வரைய முடியும் என்று காட்டியதிலிருந்து கிடைத்த விடையில் இந்த ஐந்து பகா எண்கள்தான் வருகின்றன. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாக இருக்கும்போது, வரைய முடியும் என்று இன்று வரை அறியப்பட்டவற்றில் மிகப் பெரியது 4294967295 பக்கங்கள்.

அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை தருகிறேன். பிங்கலரின் சந்த நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர் பத்தாம் நூற்றாண்டில் விளக்கிய மேரு பிரஸ்தாரம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். பாடப்புத்தகம் அதைப் பாஸ்கல் முக்கோணம் என்று சொல்கிறது. கட்டம் போட்ட நோட்டில் அதை எழுதி, ஒற்றை எண் வரும் இடத்தில் 1, இரட்டை எண் வரும் இடத்தில் 0 என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். மேல் வரிசையில் உள்ள இரண்டு குறிகள் ஒன்றாக இருந்தால் கீழே 0, வேறாக இருந்தால் 1. பெரிய எண்களைக் கூட்ட வேண்டியதே இல்லை. ஒவ்வொரு வரிசையையும் இரும எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். முப்பத்திரண்டாவது வரிசை முழுவதும் ஒன்றாகவே இருக்கும், அது பாதிப் பலகை. அடுத்த வரிசையில் இரண்டு ஓரங்களிலும் ஓர் ஒன்றும் நடுவில் சைபர்களும் வரும், அது 641 ஒளிந்திருந்த 4294967297. அங்கே நிறுத்திவிடாமல் அறுபத்து நான்காவது வரிசை வரை போகச் சொல்லுங்கள். நோட்டின் அகலம் போதாது, நான்கு தாள்களைப் பசை போட்டு ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.